படத்தின் ஓரம்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



1906ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 2ஆம் திகதி ஓவியர் இரவிவர்மா காலமானார். அப்போது மகாகவி பாரதியார் அவருக்காக ஓர் இரங்கற்பா பாடினார். பாரதியார் கவிதைத் தொகுதி வீட்டிலுள்ளவர்கள் அதனை இன்றும் எடுத்துப் பார்க்கலாம். ஒரு கவிஞன் ஓர் ஓவியனுக்காகக் கலங்கியதில் வியப்பில்லை. ஆனால் அந்தப் பாடலைப் படித்துக் கலங்கிய தமிழருள் எத்தனைபேர் இரவிவர்மாவின் கைபட்ட ஓவியம் ஒன்றை நேரிலே கண்டிருப்பார்கள்? அவை திருவனந்தபுரத்திலும் மைசூரிலும் பரோடாவிலும் அரண்மனைச் சுவர்களில் தொங்கின. ஊராருக்குக் கிட்டியது அச்சுப்படந்தான். நமக்கும் அதுவே. 1979ஆம் ஆண்டில் இந்திய அரசு அவரது ஓவியங்களைத் தேசியக் கலைச் செல்வங்களாக அறிவித்தபின், அவை அந்நாட்டை விட்டு வெளியே விற்பனைக்குப் போகவும் முடியாது. ஆகவே இரவிவர்மா என்று நம் வீடுகளில் எதைச் சொல்கிறோமோ அது ஒரு கடதாசி, ஒரு பிரதி.

இந்தப் பிரதியை எப்படி மதிப்பிடுவது, எப்படிக் காப்பாற்றுவது என்பதே இன்றைய பேச்சு. இலக்கியத் தொடரிலே இதற்கு என்ன இடம் என்று சில நேயர்கள் நினைக்கக்கூடும். நான் ஓவிய விமர்சகன் அல்லன். கல்லூரியிலே தமிழ் கற்பிப்பவன். தமிழ் படித்தவனுக்குப் பிரதி என்ற சொல் சும்மா கடந்துபோகிற சொல் அன்று. நம் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் கலித்தொகையையும் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் வீரசோழியத்தையும் பதிப்பித்த காலத்தில், ஏட்டைத் தொட்டவுடன் ஓரம் உதிர்வதைக் கண்டு எவ்வளவு மனம் நொந்து தம் பதிப்புரையில் எழுதினார் என்பதை மாணவர்களுக்கு ஆண்டுதோறும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஓரம் போனால் வரியின் முதலும் முடிவும் போகும். ஏட்டை எழுதியவன் பெயரும் நாளும் போகும். அச்சுப்படத்தின் கதையும் ஏறக்குறைய இதுவே. அதன் மதிப்பு நடுவிலே வீணையோடு அமர்ந்திருக்கும் சரசுவதியின் முகத்தில் இருப்பதைவிட ஓரத்திலேதான் அதிகம் இருக்கிறது. நம் ஊர்களில் முதலில் வெட்டி எறிகிற பகுதியும் அந்த ஓரந்தான்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். கொழும்பிலும் சென்னையிலும் கலைக்கூடங்களில் 'லிமிட்டட் எடிஷன்' என்று சொல்லி அச்சுப்படங்கள் விற்கிறார்கள். வரையறுத்த பதிப்பு எனலாம். ஓவியர் தாமே செப்புத் தகட்டிலோ மரப்பலகையிலோ கல்லிலோ லினோலியத்திலோ படத்தை ஆக்குகிறார். அதிலிருந்து இத்தனை பிரதிகள்தாம் எடுப்பேன் என்று முடிவு செய்கிறார். ஐம்பது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பிரதியின் கீழ் ஓரத்திலும் 12/50 என்பதுபோல் பென்சிலால் எண் இடுகிறார். ஐம்பதில் இது பன்னிரண்டாவது என்பது பொருள். வலப்பக்கத்தில் கையொப்பம். பென்சில் எதற்கு என்றால், வெயிலில் மை மங்கும், பென்சில் மங்காது. அச்சிலே வந்த கையொப்பத்தையும் கையால் இட்டதையும் அந்தக் கரியின் மினுக்கமே பிரித்துக் காட்டிவிடும். ஐம்பதும் எடுத்து முடிந்ததும் தகட்டின் குறுக்கே ஒரு கோடு கீறி அதைப் பாழாக்கிவிடுவதும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவிலே பரவிய வழக்கம் இது. ஓவியர் வாங்குபவருக்குக் கொடுக்கும் வாக்கு அந்த எண். இதற்குமேல் அச்சிடமாட்டேன் என்ற வாக்கு.

எண் சிறிதானால் மதிப்புப் பெரிது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. செப்புத் தகட்டில் ஊசியாற் கீறி எடுக்கும் படங்களில் அது பெரும்பாலும் சரி. அச்சுப்பொறியின் அழுத்தத்தில் தகடு தேய்ந்துகொண்டே போகும். முதலில் எடுத்தவை கருமை குன்றாது துல்லியமாக இருக்கும். கல்லச்சிலும் லினோவிலும் அந்த வேறுபாடு அவ்வளவாக இல்லை. ஓவியர் காயப்போட்ட கட்டிலிருந்து கைக்கு வந்த ஒழுங்கிலே எடுத்து எண் இடுவதும் நடக்கும். ஆகவே எண் ஒன்றுக்காக மட்டும் கூடுதல் விலை கேட்பவரைச் சற்றே சந்தேகத்தோடு பார்க்கலாம். இக்காலத்தில் கணினி மை அச்சில் ஒரு பழைய ஓவியத்தைப் படியெடுத்து, அதற்கும் எண் போட்டு, சான்றிதழும் கட்டி விற்கிறார்கள். சுவருக்கு அழகுதான். ஆனால் ஓவியரின் கை அதிலே எந்த இடத்திலும் படவில்லை என்பதை அறிந்துகொண்டு வாங்குவது நல்லது. தேவகோட்டையிற் பிறந்த ஆர். எம். பழனியப்பன் போன்றவர்கள் தகட்டோடும் மையோடும் வாழ்ந்து எடுத்த பிரதி ஒன்றை அருகில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தானே தெரியும்.

இரவிவர்மாவின் கதை இதற்கு நேர்மாறானது. அவர் எண்ணிக்கையை வரையறுக்க நினைத்தவர் அல்லர்; பெருக்க நினைத்தவர். உங்கள் ஓவியங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சிட்டு நாடெங்கும் பரப்புங்கள் என்று திவானாக இருந்த சேர் மாதவராவ் அவருக்கு யோசனை கூறி எழுதியிருந்தார். ஐரோப்பாவுக்கு அனுப்புவதற்குப் பதிலாக ஐரோப்பிய இயந்திரங்களையும் வல்லுநர்களையும் வரவழைத்து, 1894இல் பம்பாய்க்கு அருகே காட்கோபரில் சொந்த அச்சகமே தொடங்கிவிட்டார் இரவிவர்மா. அங்கே முதலில் வெளிவந்த படம் சகுந்தலையின் பிறப்பு. 1899இல் அச்சகம் லோனாவ்லாவுக்குப் பக்கத்திலுள்ள மளவ்லிக்கு மாறியது. சில ஆண்டுகளில் கடன் சுமையால் அதனை அங்கு பணியாற்றிய ஜெர்மானியர் பிரிட்ஸ் ஷ்லைக்கரிடம் விற்க நேர்ந்தது. பின்னர் இந்தியத் திரைப்படத்தின் தந்தை எனப்பட்ட பால்கே ஒரு காலத்தில் இந்த அச்சகத்தோடு தொடர்புகொண்டு உழைத்தவர் என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

அச்சிட்ட முறை கல்லச்சு. எண்ணெயும் நீரும் ஒட்டா என்ற எளிய உண்மையின்மேல் நிற்கும் தொழில் அது. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லிலே கொழுப்புக் கலந்த மையால் வரைந்து, கல்லை நனைத்து, மேலே அச்சுமையை உருட்டினால், வரைந்த இடம் மட்டும் மையைப் பிடித்துக்கொள்ளும். ஒரு நிறத்துக்கு ஒரு கல். ஒரு முகத்தின் மஞ்சளும் சிவப்பும் நிழலும் கூடிவரப் பல கற்கள் வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே கடதாசி மயிரிழை பிசகாமல் அதே இடத்தில் படிய வேண்டும். கடைசியில் தைல ஓவியம்போல் மினுங்க வார்னிஷ் பூசினார்கள். இலட்சுமியும் சரசுவதியும் இப்படித்தான் ஆயிரக்கணக்கில் வெளியேறிக் கப்பலேறி நம் வீடுகளுக்கும் வந்தார்கள். சவர்க்காரத்தையும் குழந்தை மருந்தையும் விற்ற நாட்காட்டிகளிலும் அதே முகங்கள். அதற்கு அடுத்த தலைமுறையிலே கோவில்பட்டி கொண்டையராஜுவின் படங்களும் சிவகாசி அச்சும் வந்து அந்த இடத்தை நிரப்பின.

ஆயிரக்கணக்கில் அச்சான படத்துக்கு அருமை ஏது என்று கேட்கலாம். இங்கேதான் ஒன்று சொல்ல விரும்புகிறேன். மேல்நாட்டில் பதிப்பை ஓவியர் வரையறுக்கிறார். நம் நாடுகளில் தீயும் நீரும் பூச்சியும் வரையறுக்கின்றன. மளவ்லி அச்சகம் 1972இல் தீக்கிரையாகி, அங்கிருந்த படங்களிற் பெரும்பாலானவை அழிந்தன. வங்காளத்திலே 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தை நேரிற்கண்டு சித்தப்பிரசாத் வரைந்த 'பசித்த வங்கம்' என்ற சிறு நூலை எடுத்துக்கொள்ளுங்கள். ஐயாயிரம் பிரதிகள் அச்சாயின. அன்றைய அரசு பறித்து எரித்தது. அவருடைய குடும்பத்தார் வங்கிப் பெட்டகத்திலே வைத்துக் காத்த ஒரு பிரதியிலிருந்துதான் அந்நூல் பிற்காலத்தில் மறுபடி அச்சேறியது. ஐயாயிரத்தில் ஒன்று. எந்த ஓவியரும் தம் பதிப்பை அப்படி வரையறுக்கத் துணியமாட்டார். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் எரிந்தவற்றைப் பற்றி நான் இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவை பெரிய அழிவுகள். ஓசையில்லாத அழிவு ஒன்றும் இருக்கிறது. சுவாமிப் படத்தின் கண்ணாடி உடைந்தால் வீட்டில் வைக்கக்கூடாது என்பது நம்மவர் வழக்கம். அதை எடுத்துப்போய்க் கோயில் அரசமரத்தடியில் சாய்த்துவிடுவார்கள். கரையோர ஊர்களில் கடலிலே விடுவார்கள். மரியாதையோடு செய்கிற காரியம் அது. நான் குறை கூறவில்லை. ஆனால் அரசமரத்தடியில் மழையில் நனைந்து வீங்கிக் கிடக்கும் படங்களுக்கு நடுவே, நூறு ஆண்டு பழைய கல்லச்சுத் துண்டு ஒன்றைக் கண்டவன் வீடு திரும்பி நிம்மதியாகச் சோறு தின்னமுடியாது. உடைந்தது கண்ணாடி, படம் உடையவில்லை. இந்த ஒரு வேறுபாட்டை நம் வீட்டுப் பெரியவர்களுக்கு எடுத்துச் சொன்னாலே பல படங்கள் பிழைக்கும்.

கற்பிட்டித் தீபகற்பத்தில் பள்ளிவாசல்துறைப் பக்கத்து வீடொன்றில் இப்படி ஒரு சரசுவதி இருந்தது. அந்த வீட்டு ஆச்சி அறுபதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணம் முடித்து இக்கரைக்கு வந்தவர். படம் அவருடைய தாயாருடையது. பேரனுக்கு வளைகுடா நாடொன்றுக்குப் போகவேண்டும், பணம் போதவில்லை. பழைய பொருள் வாங்குபவர் ஒருவர் வந்து, வெறும் கலண்டர் படம் என்று சொல்லிக்கொண்டே, வெறும் கலண்டருக்கு யாரும் கொடுக்காத ஒரு தொகையைக் கேட்டிருக்கிறார். பேரனுக்கு அது ஆசையைக் கிளப்பிவிட்டது. கலண்டர் என்பவன் இவ்வளவு தருவானானால் உண்மை விலை எவ்வளவோ என்று எண்ணி, படத்தைப் புதுப்பித்து லமினேற் பண்ணிக் கொழும்புக்குக் கொண்டுபோக ஆயத்தமானான். அவன் எங்கள் கல்லூரியிற் படித்தவன். லமினேற் பண்ணுமுன் என்னிடம் ஒருமுறை காட்டியது அவனுடைய நல்ல காலம்.

படத்தைச் சட்டத்திலிருந்து கழற்ற நானும் அவனும் கற்பிட்டி வீதியில் பிறேம் போடும் நானா ஒருவரிடம் போனோம். அவர் எருக்கலம்பிட்டிக்காரர். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது சிறுவனாக இக்கரைக்கு வந்து சேர்ந்தவர். அவருடைய வாப்பாவும் மன்னாரிலே இதே தொழில் செய்தவராம். மக்காப் படமும் மடுமாதாவும் முருகனும் ஒரே சுவரிலே சாய்ந்து நிற்கும் கடை. பின்பலகையின் துருப்பிடித்த ஆணிகளை அவர் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். திடீரென்று நிறுத்தினார்.

"சேர், இந்த பிறேமடிச்ச மனுசன் விசயம் தெரிஞ்சவர். ஓரத்தை வெட்டல்ல, மடிச்சி உட்டிருக்கார்."

"நீங்களெண்டால் வெட்டியிருப்பீங்களோ நானா?" என்று கேட்டேன்.

"வெட்டித்தான் இருப்பேன். வடிவா வரணும் எண்டுதானே சனம் கேக்குது" என்றார், சற்றும் ஒளிக்காமல்.

மடிப்பை அவர் விரலால் நிமிர்த்தவில்லை. நிமிர்த்தியிருந்தால் முறிந்திருக்கும். கீழே ஒரு வெள்ளைக் கடதாசியைச் செருகி, வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து வாசித்தோம். ஆங்கில எழுத்தில் இரவிவர்மா அச்சகத்தின் பெயரும், கார்லா-லோனாவ்லா என்ற ஊர்ப்பெயரும் இருந்தன. பம்பாய் என்றில்லாமல் இந்த ஊர் இருப்பதால் படம் 1899க்குப் பிந்தியது. அதற்கும் பின்பலகைக்கும் நடுவிலே வைத்திருந்தது 'ஈழகேசரி'யின் ஒரு தாள். திகதி இருந்த மேல் ஓரத்தைப் பூச்சி தின்றுவிட்டது; அங்கும் ஓரந்தான் போயிருந்தது. ஆனால் உள்ளே யுத்தச் செய்திகள். ஆகவே 1939க்கும் 1945க்கும் இடையிலே யாழ்ப்பாணத்தில் யாரோ ஒருவர் இந்தப் படத்துக்குச் சட்டம் அடித்திருக்கிறார். ஒரு படத்தின் வயதை மேலும் கீழும் இப்படிக் கட்டிவிடலாம். ஏட்டுச்சுவடிக்குக் காலம் கணிப்பதும் இதே வழியில்தான்.

அடுத்தது உருப்பெருக்குக் கண்ணாடி. பாடசாலை ஆய்வுகூடத்திலுள்ள கைவில்லை போதும். சரசுவதியின் கன்னத்தை அதன் வழியே பாருங்கள். ஒழுங்கான வரிசையில் சிறு புள்ளிகள் பூப்போலச் சேர்ந்திருந்தால் அது பிற்கால ஓப்செற் அச்சு. புள்ளிகள் பெரிதும் சிறிதுமாக, கையால் தெளித்ததுபோல் ஒழுங்கின்றி, ஒரு நிறத்தின் விளிம்பு அடுத்த நிறத்தின்மேல் சற்றே ஏறியிருந்தால் அது கல்லச்சு. இது இரண்டாவது வகை. வார்னிஷ் மஞ்சளித்துப் பாளம் வெடித்திருந்தது. அதையும் குறையென்று எண்ணிச் சுரண்டிவிடக்கூடாது. பழைய வார்னிஷ் தன் வயதைத் தானே சொல்லும் சாட்சி.

பிறகு குறைகள். இவற்றை மறைக்காமல் எழுதுவதுதான் மதிப்பீடு. ஈழகேசரித் தாளின் புளிப்பு எழுபது எண்பது ஆண்டுகளாகப் படத்துக்குள் இறங்கி, செய்திப் பத்திகளின் வடிவத்திலேயே பழுப்பு நிறமாக முதுகிற் படிந்திருந்தது. காலத்தைச் சொன்ன தாளே படத்தைக் கெடுத்த தாளும். கீழ் இடப்பக்கம் மயிலின் தோகையருகே பூஞ்சணப் புள்ளிகள். நெற்றியிலே சந்தனம், கண்ணாடிமேல் அன்று. ஏதோ ஒரு சரசுவதி பூசையில் கண்ணாடி உடைந்து, புதிது போடும்வரை படத்தின்மேலேயே வைத்திருக்கிறார்கள். விளக்குப் புகை ஏறிய மேற்புறம் கறுத்திருந்தது.

விலை என்ன என்று பேரன் கேட்டான். இரவிவர்மா அச்சகம் அதிகமாக வெளியிட்ட படங்களில் சரசுவதியும் ஒன்று. இந்தியாவிலே சேகரிப்பவர்களிடம் இதைவிடச் சுத்தமான பிரதிகள் இருக்கின்றன. ஓரம் முழுமையாக இருப்பது நன்மை. கறையும் பூஞ்சணமும் பெரிய குறைவு. வந்தவர் கேட்ட தொகையைவிடக் கொஞ்சம் கூடக் கிடைக்கலாம். விமானச் சீட்டுக்கும் முகவருக்கும் கொடுக்கிற அளவு ஒருநாளும் கிடைக்காது. இதைத்தான் அவனுக்குச் சொன்னேன். முகம் வாடியது. பொய்யான நம்பிக்கையோடு கொழும்புக்கு அலைவதைவிட அது நல்லது. மதிப்பிடுகிறவன் உடைமைக்காரனுக்குச் செய்யக்கூடிய முதல் உபகாரம், இல்லாத விலையை இல்லை என்று சொல்வது. இரண்டாவது உபகாரம், தானே வாங்க ஆசைப்படாமல் இருப்பது. வாங்க நினைப்பவர் கூறும் மதிப்பீட்டை மதிப்பீடு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

லமினேற் பண்ணுவதைப் பற்றி ஒரு வார்த்தை. சூட்டிலே உருகும் பிளாஸ்ரிக்கைக் கடதாசியோடு ஒட்டவைப்பது அது. ஒட்டியதை மீட்க வழியில்லை. பிறப்புச் சான்றிதழையும் பரீட்சைச் சான்றிதழையும்கூட மூலத்தை லமினேற் பண்ணாமல் வைப்பதே நல்லது என்று என் மாணவர்களுக்குச் சொல்வேன். கடதாசியைப் பேணுவோர் கைக்கொள்ளும் நெறி, திரும்ப எடுக்க முடியாத எதையும் செய்யாதே என்பது. செலோரேப்பும் இதே சாதிதான். சில ஆண்டுகளில் நாடா கழன்று விழும், அதன் பசை மட்டும் கடதாசிக்குள் இறங்கி மஞ்சட் கறையாக நிலைத்துவிடும்.

நம் கரையிலே படத்துக்கு முதல் எதிரி உப்புக் காற்று. உப்பு தானாகவே ஈரத்தை இழுக்கும். காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 75 அளவைத் தாண்டினால் உப்புத் துகள் நீராய்க் கசியும். 65ஐத் தாண்டி நெடுநாள் நின்றாலே பூஞ்சணத்துக்குப் போதும். சோளகம் வீசும் மாதங்களில் புத்தளக் கரையோர வீட்டுச் சுவர்களைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஆகவே படம் சுவரைத் தொடக்கூடாது. சட்டத்தின் பின்னே நான்கு மூலையிலும் போத்தல் தக்கையை வெட்டி ஒட்டினால் காற்றுப்போக ஒரு விரற்கடை இடம் கிடைக்கும். செலவில்லாத வைத்தியம். கடற்பக்கத்துச் சுவரும் குசினிச் சுவரும் வேண்டாம். வெயில் படும் இடமும் வேண்டாம். வெயிலில் முதலிற் போவது சிவப்பும் மஞ்சளும். நீலம் மட்டும் மிஞ்சிய தெய்வங்களைச் சலூன் கடைகளில் பார்த்திருப்பீர்கள்.

கண்ணாடி படத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஈரத்தில் வார்னிஷ் கண்ணாடியோடு ஒட்டிவிடும். நடுவிலே சாளரம் வெட்டிய தடித்த மட்டை ஒன்றை வைத்தால் இடைவெளி உண்டாகும். புளிப்பு நீக்கிய மட்டை என்று கேட்டால் கொழும்பிலே ஓவியப் பொருட்கள் விற்கும் கடைகளிற் கிடைக்கும். பின்னாலே ஒட்டுப்பலகை, ஹார்ட்போர்ட், பத்திரிகைத் தாள் மூன்றையும் நேரே படாமற் பார்த்துக்கொள்ளுங்கள். படத்தை மட்டையோடு முழுதாக ஒட்டிவிடாமல், மேல் விளிம்பில் இரண்டு சிறு கீலாக மெல்லிய யப்பானியக் கடதாசியில் ஒட்ட வேண்டும். பசை மாப்பசைதான், ஆனால் பசையம் நீக்கிக் காய்ச்சியது. வீட்டுக் கோதுமை மாக் கூழ் பூச்சிக்கு விருந்து. கண்ணாடியைத் துடைக்கும்போது அதன்மேல் நீரைத் தெளிக்காமல் துணியை நனைத்துப் பிழிந்து துடைத்தால், ஓரத்தால் உள்ளே வடியாது. பூஞ்சணமும் கறையும் நம்மால் தொடத்தக்கவை அல்ல. கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்திலே கடதாசி பேணும் பிரிவு இருக்கிறது; முதலில் அங்கே ஆலோசனை கேட்பது நன்று.

பேரனுக்கும் நானாவுக்கும் இவ்வளவும் சொல்லி முடித்துப் படத்தை வீட்டுக்குக் கொண்டுபோனபோது ஆச்சியிடம் வேறொரு வழக்கு எழுந்தது. விளக்கைப் படத்துக்கு முன்னால் ஏற்றவேண்டாம், புகை ஏறுகிறது, படத்தை முன் அறைக்கு மாற்றுங்கள் என்றேன்.

"விளக்குக் கொளுத்தாத சரசுவதி எனக்கு எதுக்குத் தம்பி? முன் அறையில வைச்சால் அது படம். சாமியறையில வைச்சால்தான் சாமி" என்றார் ஆச்சி.

இதற்கு நான் மறுமொழி தேடவில்லை. நூதனசாலைக்கு நியாயமானது சாமியறைக்கு நியாயமாக இருக்கவேண்டும் என்பதில்லை. இரவிவர்மா அந்தப் படத்தை நூதனசாலைக்காக அச்சிடவுமில்லை. இந்த இடத்திலே கலை விற்பன்னர்கள் பலர் ஆச்சிமாரை அறியாதவர்கள் என்று எண்ணிவிடுகிறார்கள். எழுபது ஆண்டுக்கு மேலாக அந்தப் படம் கடலுக்கோ மரத்தடிக்கோ போகாமல் நின்றதற்குக் காரணம் அந்த விளக்குத்தான். கடைசியில் ஓர் இணக்கத்துக்கு வந்தோம். விளக்கு ஒரு முழம் முன்னே நகர்ந்து சற்றுப் பக்கமாக நின்றது. சாம்பிராணி வாசலோடு நின்றது. நீர் சொட்டும் பூமாலைக்குப் பதிலாகச் சட்டத்தின் மேற்கட்டையில் ஒற்றைப் பூ. சந்தனம் கண்ணாடிமேல் மாத்திரம்.

ஈழகேசரித் தாளை நானா எறிந்துவிடப் பார்த்தார். தடுத்து, தனியே ஒரு வெள்ளை உறையிலிட்டு ஆச்சியிடம் கொடுத்தோம். 1930 முதல் 1958 வரை சுன்னாகத்திலிருந்து வந்த அந்தப் பத்திரிகையிலேதான் நம் நாட்டுச் சிறுகதையின் முதல் தலைமுறை எழுதப் பழகியது. அதன் இதழ்கள் பலவற்றை நூலகம் நிறுவனத்தார் இன்று எண்ணிம வடிவிற் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஆனாலும் எந்த வீட்டுப் படத்தின் பின்னே எந்த இதழ் ஒளிந்திருக்கும் என்று யாரால் சொல்லமுடியும்? பழைய சட்டங்களைக் கழற்றும்போது முதுகையும் பாருங்கள்.

நானா ஆணிகளை எண்ணிக்கொண்டு இருந்தபோது சொன்ன ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். எருக்கலம்பிட்டியில் வாப்பாவின் கடையிலே சட்டம் போடக் கொடுத்துவிட்டு யாரும் திரும்ப வந்து எடுக்காத படங்கள் இருந்தன என்றார். எத்தனை என்று அவருக்கு ஞாபகமில்லை. எந்தச் சுவரில் எந்தப் படம் என்பது மட்டும் ஞாபகமிருக்கிறது. ஓவியர் சனாதனன், இடம்பெயர்ந்த தமிழரும் முஸ்லிம்களும் இழந்த தம் வீடுகளை நினைவிலிருந்து வரைந்த தரைப்படங்களைத் தொகுத்து 2011இல் ஒரு நூலாக்கினார். 'முடிவுறாத தோம்பு' என்று அதன் ஆங்கிலப் பெயரைத் தமிழாக்கலாம். நானாவின் பேச்சைக் கேட்கும்போது அந்நூலின் பக்கங்கள்தாம் நினைவுக்கு வந்தன. அந்தக் கடைச் சுவருக்கு எண்ணும் இல்லை, ஓரமும் இல்லை.

ஆகவே உங்கள் வீட்டிலுள்ள பழைய படத்துக்கு ஒரு குறிப்பு எழுதி வையுங்கள். படத்தில் எழுத வேண்டாம், பின்மட்டையில், பென்சிலால். அச்சகத்தின் பெயர், நீள அகலம், யாரிடமிருந்து வந்தது, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு வந்தது, என்னென்ன கறை எங்கெங்கே இருக்கிறது. கைத்தொலைபேசியால் முன்னும் பின்னும் ஓரமுமாக மூன்று படம் பிடித்து வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் அனுப்பிவிடுங்கள். ஆச்சி சொல்லச் சொல்லப் பேரன்தான் அப்படி எழுதினான். தாயாரின் ஊரை எழுதும்போது எழுத்துப் பிழை விட்டான். றப்பரால் அழித்துத் திருத்தவைத்தேன். பென்சிலால் எழுதுவதில் அந்த வசதியும் உண்டு.

சோளகம் தணிந்து நவராத்திரி வருமுன் ஒரு நாள், சுவரிலிருந்து படத்தை இறக்கிப் பின்மட்டையைத் திறந்து பார்க்கவேண்டும். ஈரமாய் இருந்தால் நிழலில் ஒரு பகல் காற்றாட வைத்து மூடலாம். வெள்ளிப்பூச்சி இருந்தால் மென்தூரிகையால் தட்டிவிடலாம். தக்கை நான்கும் இருக்கின்றனவா என்று பார்த்து மறுபடி மாட்டவேண்டும். கும்பம் வைப்பதற்கு வீட்டைக் கழுவுகிற நாளே இதற்கும் வசதியான நாள். பேரன் இன்னும் இங்கேதான் இருக்கிறான். இந்த ஆண்டு அதை அவனே செய்வதாகச் சொல்லியிருக்கிறான்.